நொச்சிக்கு ஒரு சக்தியும் இல்லை, அண்ணா

என் அன்பு அண்ணாவுக்கு, என் கதைகளுக்கு முதல் ரசிகராகவும் முதல் எதிரியாகவும் இருந்தவருக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. பள்ளிமுனைக் கோயிலில் ஆண்டுத் திருப்பலிக்குச் சொல்லியாகிவிட்டது. நினைவு மலர் ஒன்று அடிக்க வேண்டும் என்று மச்சாள் சொன்னார். "நீங்கள்தானே எழுதுற ஆள், நீங்களே எழுதுங்கோ" என்று உங்கள் மனைவி பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். உங்கள் படத்துக்குக் கீழே நாலு வரிக் கவிதையைத்தான் அவர் எதிர்பார்த்திருப்பார். எனக்குக் கவிதை வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் கடிதம் எழுதுகிறேன். திவசப் பந்தியில் இருப்பவர்கள் எல்லோரும் வாசிக்கப் போகிறார்கள், வாசிக்கட்டும்.

வீட்டுச் சேதி முதலில். மச்சாள் காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். உங்கள் மகள் ஜெனிற்றா சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அல்லது படிக்கிற மாதிரி மேசையில் இருக்கிறாள். உங்கள் மீன் லொறியை இப்போது வேறொருவர் கொழும்புக்கு ஓட்டுகிறார். நம் தெரு முனையில் திரும்பும்போது அவர் உங்களைப்போல ஹோர்னை அலறவிடுவதில்லை. தெரு அமைதியாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

எனக்குச் சரியான களைப்பு, அண்ணா. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வலிப்பது பழைய கதை. அது படுத்தால் போய்விடும். இது வேறு. நொச்சியின் கடைசிப் புத்தகத்தை எழுத உட்காரும்போதெல்லாம் வருகிற களைப்பு. பேனையை எடுத்தால் கை கனக்கிறது, வைத்தால் மனம் கனக்கிறது.

நொச்சியை உங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் கூட இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உவர்நாடு என்று ஒரு நாடு. அங்கே பிள்ளைகள் ஏழு வயதானதும் ஊர்க் கிணற்றடிக்குப் போய் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். பார்த்ததும் தண்ணீரின் நிறம் மாறும். சிவந்தால் அந்தப் பிள்ளைக்கு நெருப்பு கட்டுப்படும், பச்சையானால் பறவைகளோடு பேச வரும். நொச்சி எட்டிப் பார்த்தாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. கடலிலிருந்து மூடல் என்றொரு பனிப்புகார் வந்து அந்த நாட்டின் ஊர்களை ஒவ்வொன்றாக விழுங்குகிறது. அதன் நடுவில் ஒரு பெரிய மணி இருக்கிறது, அதை அடித்தால் மூடல் கலையும். சக்தி உள்ள வீரர்கள் எத்தனையோ பேர் உள்ளே போனார்கள், ஒருவரும் திரும்பி வரவில்லை. இனி நொச்சி போக வேண்டும்.

கிணற்றடி அத்தியாயத்தை வாசித்து உங்கள் தொலைபேசிக்குக் குரலாக அனுப்பினேன். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். நான் விடியற்காலையில் எழுதி, வாசித்து அனுப்புவேன். நீங்கள் மதவாச்சியில் லொறியை ஓரங்கட்டி, பிளேன்ரீ குடித்துக்கொண்டு கேட்பீர்கள். அந்த நாள் உங்கள் பதில் முழுவதும் சிரிப்பு. "தண்ணி தண்ணியாவே இருந்ததோ? ஐயோ, என்னை அந்தக் கிணத்தில பாக்க விட்டிருந்தாலும் அதுதானடி நடந்திருக்கும்."

சிரித்து முடித்துவிட்டுச் சட்டம் போட்டீர்கள். "இவளுக்குப் பிறகு ஏதாவது குடுத்திடாத. எல்லாக் கதையிலயும் கடைசியில அவன் ராசான்ர பிள்ளையாப் போறான். லொறிக்காரன்ர பிள்ளையா ஒருத்தனும் வாறானில்லை." அகதி முகாமில் இருந்த காலத்திலேயே உங்களுக்கு இந்தக் கோபம் இருந்தது. மண்டபத்தில் பொதுத் தொலைக்காட்சிக்கு முன்னால் எல்லோரும் வாயைப் பிளந்து மந்திரப் படம் பார்க்கும்போது, நீங்கள் மட்டும் எழுந்து முணுமுணுப்பீர்கள். "பிறக்கேக்கையே எழுதி வைச்சிருக்கெண்டா பிறகு என்னத்துக்கு மூண்டு மணித்தியாலம் ஓடுறான்?" பின்னால் இருப்பவர்கள் உங்களை உட்காரச் சொல்லிக் கத்துவார்கள்.

இரண்டாம் புத்தகத்தில் இன்னொரு சட்டம் வந்தது. மூடலுக்குள் போகிறவர்களின் சக்தியை மூடல் தின்னும், நொச்சியிடம் தின்ன ஒன்றும் இல்லாததால் அவள் தப்புவாள் என்று எழுதியிருந்தேன். பெரிய கெட்டித்தனம் செய்ததாக எனக்கு நினைப்பு. நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். "சக்தி இல்லாததுதான் அவளின்ர சக்தி எண்டு ஒரு சுத்துச் சுத்திறாய். அது கள்ள வேலை, தங்கச்சி." இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. பிறகு அந்த அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டேன்.

அப்படிப் பார்த்தால் மிச்சம் இருந்தது ஒன்றுதான், முயற்சி. மற்றவர்கள் பறக்கிற தூரத்தை நொச்சி நடந்தாள். மற்றவர்கள் ஒரு சொல்லில் அணைத்த நெருப்பை அவள் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து அணைத்தாள். விழுந்தாள், எழுந்தாள், திரும்பவும் விழுந்தாள். "ஓம், இதுதான் கதை" என்றீர்கள். வாசகர்களும் அதையேதான் சொன்னார்கள். நொச்சியைப் படித்த பிறகு கணக்குப் பாடத்தில் தனக்குப் பயம் இல்லை என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. நானும் நம்பினேன். பிறவியிலேயே வரம் இல்லாதவர்களுக்கு முயற்சி இருக்கிறது, அது போதும் என்று நம்பினேன்.

பிறகு உங்கள் சிறுநீரகம் கைவிட்டது.

அந்தக் காலத்தைப் பற்றி இங்கே நிறைய எழுதப் போவதில்லை. இரத்தம் சுத்திகரிக்கப் போகிற நாட்களில் இருட்டோடு எழும்பி பஸ் பிடித்தீர்கள். கறியில் உப்பை விட்டீர்கள். தண்ணீரைச் சின்னக் கோப்பையில் அளந்து குடித்தீர்கள். கோடையில் நாக்கு வறண்டு நீங்கள் அந்தக் கோப்பையைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. ஊசி ஏற்றிய கையோடு சாய்ந்திருந்து, நான் வாசிக்கக் கேட்பீர்கள். பக்கத்தில் ஜெனிற்றா இருப்பாள். "பாத்தியே பிள்ளை, உன்ர அப்பாவும் நொச்சியும் ஒரே இனம். ரெண்டு பேருக்கும் கிணத்தில நிறம் வரேல்லை, ஆனா விடமாட்டம்" என்று அவளிடம் சொல்வீர்கள். அவள் சிரிப்பாள். அப்போது அது எங்கள் எல்லோருக்கும் நல்ல வார்த்தையாகத்தான் இருந்தது.

நீங்கள் போன பிறகு ஜெனிற்றா என் புத்தகங்களைத் தொடவில்லை. துக்கம், நாளாக ஆறும் என்று விட்டுவிட்டேன்.

ஆண்டுத் திவசத்தைப் பற்றிக் கதைக்க எங்கள் தோட்டவெளிச் சின்னையா வந்திருந்தார். ஜெனிற்றா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவர் உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வாயைக் கொஞ்சம் கட்டி இருந்திருந்தானெண்டா இன்னும் கொஞ்சக்காலம் இருந்திருப்பான்." சின்னையா, இதை நீங்களும் வாசிப்பீர்கள். கவலையில்தான் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும், கோபம் இல்லை. ஆனால் அண்ணா தண்ணீர் அளந்து குடித்ததை நீங்கள் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை பார்த்தது.

சின்னையா போனதும் ஜெனிற்றா கோப்பையைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"மாமி, விடாமல் முயற்சி செய்தா வெல்லலாம் எண்டுதானே நொச்சிக் கதையில எழுதியிருக்கிறீங்கள்?"

"ஓம்."

"அப்ப அப்பா முயற்சி செய்தது போதாதெண்டோ?"

"அப்பிடி இல்லைப் பிள்ளை. அது கதை."

"கதையில மட்டும் சரியெண்டா அதை என்னத்துக்கு எங்களுக்கு வாசிச்சுக் காட்டினனீங்கள்?"

நீங்கள் இருந்திருந்தால் ஏதாவது பகிடி விட்டு அவளைச் சிரிக்க வைத்திருப்பீர்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவள் கேட்டது சரிதான். ராசாவின் பிள்ளை வென்றால், எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று தோற்றவன் மனதை ஆற்றிக்கொள்ளலாம். உழைத்தவள் வென்றால் தோற்றவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பழி முழுவதும் அவன் தலையில் வந்து விழுகிறது. இதை நீங்களும் நானும் ஒரு நாளாவது யோசித்தோமா? லொறியில் போகும்போது உங்களுக்காவது தோன்றியதா?

அந்தக் கிழமைதான் சென்னையிலிருந்து பதிப்பாளர் அழைத்தார். நல்ல மனிதர், தன்மையாகத்தான் பேசுவார். "மேடம், கடைசியில அந்தக் கிணத்துத் தண்ணி நிறம் மாறினா எப்படி இருக்கும்? யாருமே பார்க்காத ஒரு நிறம். வாசகர்கள் அதுக்குத்தான் காத்திருக்காங்க" என்றார். நான் கடையில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஆசையாக இருந்தது. ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். நொச்சிக்குத் தனி வரம் இருந்தது, உங்களுக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான் என்றால் ஜெனிற்றாவும் உங்களைக் குறை நினைக்க மாட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவே எனக்குத் தெம்பு இல்லை.

பந்திக்கு மீன் வேண்டும் என்று மச்சாள் சொன்னதால், போன சனிக்கிழமை விடிய ஜெனிற்றாவையும் கூட்டிக்கொண்டு தாழ்வுபாட்டுக் கரையில் அந்தோனியண்ணையின் மீன்வாடிக்குப் போனேன். நீங்கள் மீன் ஏற்றிய வாடி. அவள் வரமாட்டேன் என்று நின்றாள், மச்சாள் பேசித்தான் அனுப்பினார். நாங்கள் போன நேரம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சில இடங்களில் இப்போது மெசினால் இழுக்கிறார்கள், அந்தோனியண்ணை இன்னும் ஆட்களை வைத்துத்தான். அன்றைக்கு ஆள் குறைவு. அவர் எங்களைக் கண்டதும் வாங்கோ என்றுகூடச் சொல்லவில்லை.

"நிண்டு பாக்கிறதெண்டா அங்கால நில்லுங்கோ. இல்லாட்டிக் கயித்தில கை வையுங்கோ."

நான் சேலையோடு என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் ஜெனிற்றா செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்துவிட்டாள். அவளுக்கு இழுக்கத் தெரியாது. பழக்கமில்லாத கை, உடனே சிவந்துபோனது. களைத்தபோது விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். பின்னால் நின்ற பெண் ஒரு அடி முன்னால் வந்து அவள் விட்ட இடத்தைப் பிடித்தாள். மூச்சு வந்ததும் ஜெனிற்றா போய்க் கயிற்றின் வால்பக்கத்தில் பிடித்தாள். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. பாதி நேரம் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, எல்லோருக்கும் அலுப்பு.

கடைசியில் வந்ததும் பெரிதாக ஒன்றும் இல்லை. அரைவாசி தின்ன உதவாத சொறி, மிச்சம் காரலும் சூடையுமாய்ப் பொடிமீன். அந்தோனியண்ணை வாய்க்குள் கடலைத் திட்டிக்கொண்டே மீனை மணலில் கூறு போட்டார். கயிற்றில் கை வைத்த எல்லோருக்கும் கறிக்கு மீன் உண்டு என்பது கரையின் வழக்கம், வழிப்போக்கராக இருந்தாலும் சரி. ஜெனிற்றாவின் முன்னாலும் ஒரு கூறு விழுந்தது. எல்லோரும் எடுத்த பிறகும் ஒரு கூறு அப்படியே கிடந்தது.

"அது ஆருக்கு?" என்று ஜெனிற்றா கேட்டாள்.

"சில்வேஸ்தருக்கு. காலை முறிச்சுக்கொண்டு வீட்டில கிடக்கிறான்."

"அவர் இண்டைக்கு இழுக்கேல்லையே."

"அவனுக்கு ஏலாது. ஏலாதவனுக்கு எடுத்து வைக்கிறதுதானே." இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போல அவளைப் பார்த்தார். "உன்ர அப்பருக்கும் வைச்சனாங்கள்தானே. அவன் வலைக்காரன் இல்லை, ஆனா நாங்கள் பிடிச்சதைக் கெடாமல் கொண்டுபோனவன். படுக்கேக்க விட ஏலுமோ?"

நம் வீட்டுக்கு அந்த நாட்களில் மீன் வந்ததெல்லாம் மச்சாள் வாங்கியது என்றுதான் நானும் ஜெனிற்றாவும் நினைத்திருந்தோம். மச்சாளுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். நீங்கள் ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை, அண்ணா? வெட்கமா? அல்லது, சொல்ல வேண்டிய பெரிய விஷயமாக உங்களுக்கு அது தெரியவே இல்லையா? உங்கள் பங்கில் நீங்கள் சாப்பிட்டது ஒரு சின்ன வால் துண்டு. மிச்சத்தை நாங்கள் சாப்பிட்டோம்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் ஜெனிற்றா மீன் பையை மடியில் வைத்திருந்தாள். பாலத்தடி தாண்டியதும் கேட்டாள்.

"மாமி, நொச்சி மூடலுக்குள்ள தனியத்தான் போறாளோ?"

"ஓம். அப்பிடித்தான் யோசிச்சு வைச்சிருக்கிறன்."

"ஏன் தனிய?"

எத்தனை வருடம் இந்தக் கதையோடு கிடக்கிறேன், இதை ஒரு நாளும் யோசித்ததில்லை. வீரர்கள் தனியாகத்தான் போவார்கள் என்று எங்கேயோ படித்து, யாரையும் கேட்காமல் நானும் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். வரம் கொடுத்த கதைகளில் எது இருந்ததோ அதையேதான் நானும் வைத்திருக்கிறேன். அவர்கள் வரத்தை ஒரே ஆளிடம் கொடுத்தார்கள். நான் முயற்சியை ஒரே ஆளின் தோளில் ஏற்றினேன். நீங்கள் போட்ட சட்டங்களில் இது இல்லையே, அண்ணா. உங்கள் கண்ணிலும் படவில்லையா?

அன்றிலிருந்து எழுதினேன். வேலைக்குப் போகும் முன்னால், கொஞ்சம் கொஞ்சமாக. களைப்பு போகவில்லை, களைப்போடுதான் எழுதினேன். நேற்றுப் பின்னேரம் முடித்துவிட்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். மச்சாள் அரிசி இடித்துக்கொண்டிருந்தார். ஜெனிற்றாவை நான் கூப்பிடவில்லை. முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு மச்சாளுக்கு வாசிப்பதுபோல வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு பக்கம் போக அவள் வந்து வாசலில் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

மூடலுக்குள் நொச்சிதான் முதலில் போகிறாள். பின்னால் வருகிறவர்களுக்காகக் கையில் ஒரு விளக்கைக் கொண்டுபோகிறாள். முடிந்தவரை நடக்கிறாள். மணி இன்னும் தூரத்தில் இருக்கும்போது அவளால் முடியாமல் போகிறது. அவள் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறாள். பின்னால் வந்த கிழங்குக்காரி அந்த விளக்கை எடுத்துக்கொண்டு போகிறாள். அவளுக்கும் கிணற்றில் பெரிதாக ஒரு நிறமும் வந்ததில்லை. அவள் நின்ற இடத்திலிருந்து இன்னொருவர். கடைசியில் மணி அடிக்கிறது. அடித்தது யார் என்று உவர்நாட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மூடல் கலைந்து வெயில் வரும்போது நொச்சி இருந்த இடத்திலேயே இருக்கிறாள், கண் மூடியபடி.

நான் தாளை மடித்தேன். மச்சாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"அவள் எழும்புவாளோ?" என்று ஜெனிற்றா கேட்டாள்.

எழும்புவாள் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அவள் சிரித்திருப்பாள். திரும்பவும் என் புத்தகங்களை எடுத்திருப்பாள். ஆனால் அவள் என்னை நம்பிக் கேட்கிறாள் என்று தெரிந்தது.

"இல்லைப் பிள்ளை."

அவள் அழவில்லை. எழுந்து வந்து என் கையிலிருந்த தாளை வாங்கி, விரித்து, ஒரு இடத்தில் விரலை வைத்தாள். 'நொச்சி தோற்றுப்போய் அங்கேயே உட்கார்ந்தாள்' என்று நான் எழுதியிருந்த இடம்.

"இதை மாத்துங்கோ மாமி. அவள் தோற்கேல்லை. களைச்சுப்போனாள்."

மேசையில் கிடந்த அவளுடைய பேனையையே எடுத்து அந்தச் சொல்லை வெட்டினேன். அவள் சொன்னதை மேலே எழுதினேன். நான் எழுதும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, தாளை அவளே வைத்துக்கொண்டாள்.

புத்தகம் இந்த முடிவோடுதான் வரும், அண்ணா. இவர் வேண்டாம் என்றால் வேறு பதிப்பாளரைத் தேடுவேன். உங்களைப் பற்றி இந்த வீட்டில் யார் எப்போது கேட்டாலும், அந்தப் பிள்ளை தேர்ந்தெடுத்த சொல்லைத்தான் நாங்கள் சொல்வோம். நீங்கள் களைத்துப்போனீர்கள். கொஞ்சம் ஆறியிருங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உங்களோடு கூடப் பிறந்தவள்,
உங்கள் தங்கச்சி செலின்